வந்தவர்களும் ஊர்ப்பெருமையும்

ஓர் ஊரின் பெருமை அதன் பழங்குடிகளுக்கே உரிய சொத்து என்றும், பின்னால் வந்து சேர்ந்தவர்கள் தம் பழைய அடையாளத்தைத் துறந்தால்தான் அதில் பங்கு கேட்கலாம் என்றும் கருதும் வழக்கம், சிற்றூர்களில் மட்டுமன்றி மதுரை போன்ற பழம்பதிகளிலும் உண்டு. இக்கருத்து எவ்வளவு வலுவற்றது என்பதற்கு, பட்டுநூல்காரர் என்று மதுரையில் அறியப்படும் சௌராஷ்டிர நெசவாளரின் வரலாறே போதும்.

குஜராத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்த இவர்கள், நாயக்கர் ஆட்சியில் மதுரையில் குடியேறித் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் நிலைபெற்றனர் என்பது மரபுச் செய்தி. ஊர் இவர்களை ஆரத்தி எடுத்து வரவேற்றுவிடவில்லை; ஆவணி அவிட்டம் எனப்படும் பூணூல் மாற்றும் சடங்கைச் செய்ய இவர்களுக்கு உரிமை இல்லையென ஆட்சேபம் எழுந்து, வழக்கு அரண்மனை வரை சென்று, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணி மங்கம்மாள் இவர்களுக்குச் சாதகமாக ஓலைச் சாசனம் அளிக்க வேண்டியதாயிற்று.

இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது, இவர்கள் தாம் வந்தவர்கள் என்பதை ஒருபோதும் மறைக்கவில்லை என்பதே. பெண்வீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும் எங்கிருந்து வந்தோம் என்று ஒருவரையொருவர் வினவி, கடந்துவந்த ஊர்களை வரிசையாகச் சொல்லும் வினாவிடை மரபு இவர்களது திருமணங்களில் இருந்துள்ளது. வீட்டில் சௌராஷ்டிர மொழியே புழங்குகிறது. ஆயினும் தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணம் என்று இன்றும் காட்டப்படும் டி.எம்.சௌந்தரராஜனின் குரல் இச்சமூகத்திலிருந்தே வந்தது. தூய்மை பேசுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்களோ!

சுங்குடிச் சேலையின் கதையும் இத்தகையதே. துணியை மடித்துப் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியைக் கிள்ளி நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் முக்கியெடுத்து, உலர்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடங்கள் சிறுசிறு வளையங்களாகத் தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் தேவைப்படும் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே வீட்டிலிருந்து செய்துவந்தனர். இன்று மெழுகு அச்சும் திரை அச்சும் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. வந்தவர்களின் கைத்தொழிலான இதற்கு, ஒரு பொருளை அது பிறந்த இடத்தோடு சட்டப்படி பிணைக்கும் புவிசார் குறியீடு, 2005-இல் மதுரைச் சுங்குடி என்ற பெயரிலேயே கிடைத்தது.

இன்று மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் எழும் கட்டடங்களிலும் நகரின் உணவகங்களிலும் உழைக்கும் வடமாநிலத்தார் ஊரோடு ஒட்டுவதில்லை என்று குறைகூறுவோர், ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். பட்டுநூல்காரருக்கு அரண்மனை அருகில் குடியிருப்பும், தொழிலுக்குச் சந்தையும், முறையிட ஓர் அரசவையும் இருந்தன. தகரக் கொட்டகையில் சில மாதம் தங்கவைத்து, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஏற்றி அனுப்பப்படுபவரிடம் ஊர்ப்பற்றை எதிர்பார்ப்பது நியாயமன்று. அவருக்கு வாடகைக்கு ஒரு வீடும், பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் இடமும் தர முன்வருவதே ஊரார் முதலில் செய்ய வேண்டியது.