பெயர் அற்றுப்போவது பற்றி

1929-இல் டென்மார்க்கின் கணித இதழ் ஒன்றில் ஒரு கேள்வி வெளியாயிற்று. கேட்டவர் ஆக்னர் க்ராரப் எர்லாங், 1908 முதல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருவனுக்குப் பிள்ளையே இல்லாமல் போவதற்கு, ஒரு பிள்ளை இருப்பதற்கு, இரண்டு இருப்பதற்கு இன்னின்ன வாய்ப்பு என்று தெரிந்திருந்தால், அவனுடைய வம்சம் ஒரு நாள் அடியோடு அற்றுப்போவதற்கான வாய்ப்பு எவ்வளவு? அதே வருஷம் பிப்ரவரியில், தமது ஐம்பத்தோராவது வயதில், எர்லாங் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். விடையைக் கண்டு 1930-இல் எழுதியவர் ஸ்டெஃபன்ஸன் என்ற இன்னொரு டேனியர், இன்ஷூரன்ஸ் கணக்குகளில் தேர்ந்தவர்.

எர்லாங்குக்கு இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. அவருடைய தாயார் க்ராரப் குடும்பத்துப் பெண். பாதிரிமார்களைத் தந்த பழைய குடும்பம். 'டான்ஜென்ட்' என்ற சொல்லைக் கணிதத்துக்குத் தந்த தாமஸ் ஃபிங்கே அந்த வழி முன்னோர்களில் ஒருவர். அந்தக் க்ராரப் என்ற பெயர் தேய்ந்துகொண்டே வந்ததுதான் அவரை இந்தக் கணக்கில் இறக்கிவிட்டது என்று கணித வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு எர்லாங் அறிமுகமானது வேறு வழியில். இத்தனை டெலிபோன் லைன்கள் இருந்தால் இத்தனை பேர் 'லைன் பிஸி' என்று திரும்ப வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டவர் அவர். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணிதமே அங்கிருந்துதான் கிளம்புகிறது. வங்கிக் கவுண்டரின் உள்பக்கம் உட்கார்ந்து, முதல் தேதிகளில் வரிசை வாசலைத் தாண்டி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு இந்த மனிதர் மீது ஒரு பிடிப்பு ஏற்படுவதில் ஆச்சரியமில்லை. அவருடைய தகப்பனார் ஒரு குமாஸ்தாவாகவும் இருந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. அதிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

டேனியர்களிடம் நிலையான குடும்பப்பெயர் நெடுங்காலம் பொதுவழக்கில் இல்லை. நீல்ஸின் மகன் நீல்சன். அவனுடைய முதற்பெயர் ஹான்ஸ் என்றால் அவன் மகன் ஹான்சன். ஒரு தலைமுறை நின்றுவிட்டு நகர்ந்துவிடும் பெயர், நம் இனிஷியல் மாதிரி. நகர்கிற பெயரை வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்ய முடியாது. 1828-இல் அரசாணை வந்தது, ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குக் குடும்பப்பெயரும் வைத்தாக வேண்டும் என்று. அதுவரை ஓடிக்கொண்டிருந்த பெயர்கள் அடுத்த சில பத்தாண்டுகளில், சங்கீத நாற்காலியில் பாட்டு நின்ற மாதிரி, அகப்பட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டன. இன்று சுமார் 60 லட்சம் பேர் உள்ள நாட்டில் நீல்சன், ஜென்சன் என்ற பெயர்கள் ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. இவர்களில் எவருக்கும் நீல்ஸ் என்றோ ஜென்ஸ் என்றோ ஒரு தகப்பன் இருந்தாக வேண்டியதில்லை. என்றோ ஒரு முன்னோனின் தகப்பன் பெயர், பதிவேட்டில் மாட்டிக்கொண்டது.

எர்லாங்கின் தகப்பனார் ஹான்ஸ் நீல்சன் எர்லாங், ஜட்லாந்தில் லோன்போர்க் என்ற கிராமத்தில் பள்ளி ஆசிரியர், மாதாகோயில் குமாஸ்தா. நாட்டிலேயே மலிந்த பெயர் ஒன்றும் அவ்வளவாகக் காதில் விழாத பெயர் ஒன்றும் அவரிடம் அடுத்தடுத்து நிற்கின்றன. மகனிடம் நீல்சன் போய், அந்த இடத்தில் க்ராரப் வந்திருக்கிறது. தாயின் பெயர். இன்று புத்தகங்களில் ஏ. கே. எர்லாங் என்கிறார்கள். அற்றுப்போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் அந்தக் 'கே'யில், ஒரு புள்ளிக்கு முன்னால், ஒண்டிக்கொண்டிருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். எர்லாங்குக்கு 56 வருஷம் முன்பே, 1873-இல், இங்கிலாந்தில் ஃபிரான்ஸிஸ் கால்ட்டன் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். பிரபலமான மனிதர்களின் குடும்பங்கள் அற்றுப்போகின்றன, இது உயர்ந்த ரத்தம் தளர்வதன் அடையாளமா அல்லது வெறும் தற்செயலா என்பது அவருடைய கவலை. மேலான மனிதர்களைப் பயிர் செய்வது எப்படி என்று யோசித்தவர் அவர். யூஜெனிக்ஸ் என்ற சொல்லே அவருடையது. அவருக்கும் குழந்தைகள் இல்லை. வாட்ஸன் என்ற பாதிரியார் விடை எழுதினார்: எல்லாக் குடும்பப்பெயர்களும் கடைசியில் அற்றேபோகும். விடை தப்பு. ஒருவனுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இருந்தால், வம்சம் என்றைக்குமே அறாமலிருக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள் இருக்க, வாட்ஸன் ஒன்றை மட்டும் பார்த்தார். சரியான முடிவை பியனாமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845-லேயே சொல்லியிருந்தார். அது 1970கள் வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பெயர்கள் பிழைத்திருப்பதைப் பற்றிய இந்தக் கணிதத்துக்கு இன்று வழங்குகிற பெயர், கேட்டவர் பெயரும் தப்பாகச் சொன்னவர் பெயரும் சேர்ந்த 'கால்ட்டன்-வாட்ஸன்'.

சரியான விடையிலும் ஆறுதல் குறைவு. 1930களில் லோட்கா என்பவர் அமெரிக்க மக்கள்தொகைப் புள்ளிகளை இந்தச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார். ஜனத்தொகை பெருகிக்கொண்டிருந்த நாடு. அங்கும் ஒரு ஆண்குழந்தை பிறக்கும்போதே, அவனுடைய ஆண்வழி எப்போதாவது அற்றுப்போவதற்கான வாய்ப்பு நூறில் எண்பதுக்கு மேல் என்று வந்தது. ஆகவே இன்று நம்மிடையே உள்ள எந்தப் பழைய பெயரும் குலுக்கலில் தப்பிய சீட்டு. அதன் அபூர்வத்துக்குக் குணமோ ரத்தமோ காரணமில்லை. அபூர்வமான பெயர் கொண்டவர்கள் அதில் கொள்ளும் பெருமை, பரிசு விழுந்தவன் தன் சீட்டு எண்ணைப் பற்றிக் கொள்ளும் பெருமைதான்.

டென்மார்க் இந்தப் பெருமையைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2006 ஏப்ரலில் அமலுக்கு வந்த பெயர்ச் சட்டத்தின்படி, 2000 பேரோ அதற்குக் குறைவாகவோ வைத்திருக்கும் குடும்பப்பெயர் பாதுகாக்கப்பட்டது. வெளியார் இஷ்டத்துக்கு எடுத்துச் சூட்டிக்கொள்ள முடியாது. அதற்கு மேல் போனால் பெயர் புறம்போக்கு, யாரும் குடியேறலாம். எத்தனை பேர் என்பதைக் கொண்டு ஒரு சப்தம் சொத்தா இல்லையா என்று தீர்மானிப்பது எனக்கு முதலில் சிரிப்பைத் தந்தது. பிறகு, இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் தொகையும் 2000-ஐ எட்டாது என்பதும், அந்தக் குறைவையே நாம் ஒரு தகுதியாக ரகசியமாக அனுபவித்துவருகிறோம் என்பதும் ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றது.

ஆனால் என்னை உறுத்துகிற விஷயம் வேறு. இந்தக் கணக்கில் மகள்கள் கிடையாது. இரண்டு மகன்கள் இருந்தால் இரண்டு. நான்கு மகள்கள் இருந்தால் பூஜ்யம். கணிதத்தில் பிழை இல்லை. ஒரு வழக்கத்தை உள்ளபடி எழுதியிருக்கிறது. பிழை, விடையைப் படிக்கிற நம்மிடம். க்ராரப் பெயர் தேய்ந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெண் லோன்போர்க்கில் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரத்தம், அவள் பேச்சின் சாயல், அவள் வீட்டுக் கணித மூளை, எல்லாம் அந்தச் சமையலறையில் நடமாடிக்கொண்டிருந்தன. பதிவேட்டில் மட்டும் அவளோடு ஒரு கிளை முடிந்துவிட்டது. தாயைப் பூஜ்யமாக எண்ணும் ஒரு கணக்கை, தாயின் பெயருக்காகத் துக்கப்பட்டு, அவள் மகனே போட்டிருக்கிறான். அவனுடைய துக்கம் போலி என்று நான் சொல்லவில்லை. எதற்குத் துக்கப்படுகிறோம் என்பதை அவனாலும் கேட்டுக்கொள்ள முடியவில்லை என்கிறேன்.

சொல்லப்போனால் க்ராரப் அற்றும் போய்விடவில்லை. 2001-இல் டேனிஷ் பாராளுமன்றத்துக்குள் போன ஸோரன் க்ராரப் ஒரு பாதிரியார். அந்நியர் குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்த்தவர். பெயர் பிழைத்திருந்தது, அதன் வாயில் வந்த பேச்சை எர்லாங் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பது வேறு கேள்வி. எர்லாங் என்ற பெயரோ, வாரிசில்லாத அந்த மனிதரிடமிருந்து வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. 1946 முதல் தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கு 'எர்லாங்' என்று பெயர்.

இந்த இடத்தில் ஹார்டியின் 'டெஸ்' நினைவுக்கு வராமல் போகாது. டர்பிஃபீல்ட் என்ற ஏழை வண்டிக்காரனிடம், நீ அற்றுப்போன டர்பர்வில் பிரபு வம்சத்தான் என்று ஊர்ப் பாதிரி ஒருவர் சும்மா போகிற போக்கில் சொல்லிவைக்கிறார். அன்றோடு அவனுக்கு வேலை ஓடுவதில்லை. இன்னொரு பக்கம் ஸ்டோக் என்ற பணக்காரன், அற்றுப்போன குடும்பங்களைப் பற்றிய புத்தகங்களிலிருந்து அதே பெயரை எடுத்து ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறான். ஒருவனுக்குப் பெயர் உண்டு, பணமில்லை. மற்றவனுக்குப் பணம் உண்டு, பெயர் கடன். இரண்டுக்கும் விலை கொடுப்பது ஒரு பெண், எந்தக் கணக்கிலும் பூஜ்யமான மகள். நாவலை விதியின் கதையாகவே எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படிக்கையில் எனக்கு அது ஒரு பதிவேட்டின் கதையாகவும் தெரிகிறது.

நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, நமக்கு எதற்கு இந்த விசாரம் என்று கேட்கலாம். பெயருக்குப் பின்னால் நம்மிடம் இருந்தது சாதி. எர்லாங் இறந்த அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் அங்கே தீர்மானித்தார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் சம்பந்தமில்லை, நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் பெயர்வால்கள் கூட்டம் கூட்டமாக, வைத்திருந்தவர்களாலேயே உதிர்க்கப்பட்டதும் உலகத்தில் நடந்திருக்கிறது. அதற்காக யாரும் சமன்பாடு எழுதி அழவில்லை. மிஞ்சியது இனிஷியல். தகப்பன் பெயரின் ஓரெழுத்து, ஒரு தலைமுறை ஆயுள். (வால் போயிற்று, சாதி போயிற்றா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. கல்யாணப் பத்திரிகைகளை நானும் படிக்கிறேன்.)

இந்தப் பின்னணியோடுதான் நான் தினமும் அந்தக் கட்டத்தின் முன் உட்காருகிறேன். கம்ப்யூட்டர் திரையில் முதற்பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவரின் கணக்கைப் புதுப்பிக்கையில், வரிசை நீண்டிருந்த அவசரத்தில், அவருடைய இனிஷியலை விரித்து அவர் தகப்பனார் பெயரை அந்தக் கட்டத்தில் அடித்தேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. பாஸ்புக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் இறந்த பிறகு மனைவி வந்தார். ஆதாரில் வெறும் பெயர், இறப்புச் சான்றிதழில் இனிஷியலோடு, எங்கள் கணக்கில் தகப்பன் பெயரை வாலாகக் கட்டிக்கொண்டு. மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவனும் நான்தான். மூன்று நடை நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலி போயிற்று. இரண்டாவது நடையில், பாஸ்புக்கில் இருக்கிற பெயரை நான் வாசித்துக் காட்டியபோது கேட்டார்:

"அவுரு எங்க மாமனாருங்க சார். செத்து முப்பது வருசமாவுது. இந்தப் பணம் அவுரு சம்பாதிச்சதில்லியே?"

இல்லை என்றேன். அடித்தவன் நான் என்று சொல்லவில்லை. லோன்போர்க் குமாஸ்தாவை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். பேனாவை வைத்துக்கொண்டு யார் யாரை எங்கே நிறுத்தினாரோ. எர்லாங்கின் கேள்வியில் 'குடும்பம் அற்றுப்போகும் வாய்ப்பு' என்று இருப்பது, எழுதுகிறவனின் கையை எங்கேயும் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

பத்திரம் வந்து, பணத்தை அந்த அம்மாள் பெயருக்கு மாற்ற ஒரு புதுக் கணக்குத் திறந்தோம். மறுபடி அதே கட்டம். அவருக்கு இனிஷியலும் இல்லை. கணவர் பெயரைப் போடலாம், தகப்பனார் பெயரைக் கேட்டுப் போடலாம். இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். என்ன போடட்டும் என்று அவரையே கேட்டேன்.

"எம் பேரு மட்டும் போதாதா சார்?"

திரை காலியை ஏற்காது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது.