கையெழுத்து வாங்காத ஆபரேஷன்

எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளித் தீவின் கரையில் படகு வருவது மனிதருக்கு முன்பே பூனைகளுக்குத் தெரிந்துவிடும். வலை உதறும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, காலை மடக்கி உட்கார்ந்துவிடும். நசுங்கிய காரப்பொடியும் கால் உடைந்த நண்டும் அவற்றின் பங்கு. யாரும் விரட்டுவதில்லை. எலி கடித்த வலையைப் பின்னி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் வெள்ளையும் கறுப்பும் செம்பழுப்பும் கலந்த ஒரு பூனை. மூன்று ஈற்றில் அதற்குத் தங்கியது ஒரே ஒரு குட்டி. அந்தக் குட்டியும் பால்குடி மறந்த பிறகு, தாயைக் கூண்டில் வைத்து, கருத்தடை ஆபரேஷனுக்காக மீஞ்சூர் வழியாகச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் ரெண்டாவது புள்ளையோட ஆபரேஷன் பண்ணாங்க. என்னைக் கேட்டு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் பண்ணாங்க. இதை யாரும்மா கேட்டது?"

வேப்பேரி போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

என்னிடம் இருந்த நியாயங்கள் இவைதான். பூனைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். பிறந்து ஐந்தாறு மாதத்தில் குட்டியே சினை பிடிக்கும். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இந்தத் தீவில் அது கடக்க வேண்டியது துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளின் சாலை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்தப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியவில்லை. மீன் வராத கரையில் குட்டி மட்டும் வந்துகொண்டேயிருக்கும்.

எல்லாம் உண்மை. ஆனால் அக்கா கேட்டதற்கு இவற்றில் எதுவும் பதில் இல்லை. அவர் கேட்டது சம்மதத்தைப் பற்றி.

தென்கலை வைணவர்கள் சரணாகதிக்குப் பூனைக்குட்டியைத்தான் காட்டுவார்கள். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டி எதுவும் செய்யாது, தாயே அதன் கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போகும். இதைக் கேட்கும்போதெல்லாம் குட்டியின் நிம்மதிதான் எனக்குத் தோன்றும். அன்று கூண்டை மடியில் வைத்திருந்தபோது கவ்விப்போகிறவளின் நிலை தோன்றியது. கேட்க முடியாத ஓர் உயிரின் விஷயத்தில் முடிவெடுத்தால், பிறகு நடப்பது முழுக்க நம் கணக்கு. பாதி வழியில் கீழே போட முடியாது.

ஜப்பானில் ஆவோஷிமா என்றொரு மீனவத் தீவு. படகில் எலி பிடிக்கக் கொண்டுவந்த பூனைகள் மனிதரைவிடப் பல மடங்கு பெருகின. 2018இல் அங்கிருந்த பூனைகளுக்குப் பெரிய அளவில் கருத்தடை செய்தார்கள். ஊர் ஆட்களும் குறைந்துபோக, இப்போது கிழட்டுப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். பாதியில் கீழே போடாத அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. காட்டுப்பள்ளியிலும் கப்பல் கட்டும் தளத்துக்காக ஒரு குப்பம் இடம் மாறியிருக்கிறது. மனிதர் போய்விடலாம், பூனை மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தையல் ஆறியதும் தாய்ப்பூனையைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரி வாசனைக்கு மற்றப் பூனைகள் சீறின. அது தனியாகப் போய் ஓடத்தின் நிழலில் உட்கார்ந்தது. இடது காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். இன்னொருவர் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம். அக்கா அந்தக் காதையே கொஞ்சநேரம் பார்த்தார். ஒரு மடவையின் தலையை அரிந்து அதன் முன்னே வைத்தார்.

"ஐப்பசி கார்த்திகையில கடலுக்குப் போக மாட்டாங்க. அப்ப இதுக்கு என்ன வழி?"

கார்த்திகையில் கடல் கொந்தளித்த வாரம், மீஞ்சூரில் இறங்கி நெத்திலிக் கருவாடு கால் கிலோவும் கொஞ்சம் அரிசியும் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா அடுப்பைப் பற்றவைத்தார்.