மறைப்பதும் காப்பதும்

நம் கடைவீதியில் கல்லாப்பெட்டிக்கு முன் அமர்ந்திருக்கும் எந்த அன்பரைக் கேட்டாலும், "குண்டர் கும்பலா? நம்மவர் பிள்ளைகள் யாரும் அதில் இல்லை" என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டுத் தெருவை ஒருமுறை பார்த்துக் கொள்வார். அந்தப் பார்வையைப் பற்றித்தான் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம்.

நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்தது இது. பெயரும் தெருவும் வேண்டாம். மாதப் பிறப்பில் மூன்று வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் அவர் கடைக்கு வருவார்கள். மிரட்டுவதில்லை, சலாம் கூடச் சொல்வதுண்டு. அன்பர் எண்ணி வைத்த பணத்தை உறையிலிட்டுக் கொடுப்பார். கணக்குப் புத்தகத்தில் அதற்குச் 'சில்லறைச் செலவு' என்று பெயர். ஒரு மாலை அம்மூவரில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். பார்த்தால், வெள்ளிதோறும் தம் பக்கத்து ஸஃப்பில் நிற்கும் நண்பரின் மகன்! நம் மதரஸாவில் ஓதிய பிள்ளை. பையன் தலையைக் குனிந்து கொண்டான். அன்பரும் உறையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எட்டு மாதம் சென்றது. வேறொரு ஊரில் நடந்த வெட்டுக்குத்தில் பையன் பிடிபட்டான். தகப்பனாருக்குத் தொலைபேசியில்தான் செய்தி வந்தது. விவரமெல்லாம் வெளியான பிறகு அவர் நேரே கடைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. "எட்டு மாதமாகத் தெரிந்தும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லையே, காக்கா!" என்றார். அன்பர் சொன்ன பதில்: "பிள்ளையின் ஐபை மறைத்தேன், தம்பி. மறைக்கச் சொல்லித்தானே நம் மார்க்கம் சொல்கிறது?"

இந்தப் பதிலை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனுடைய குறையை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைப்பான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கின்றார்கள். காட்டிக் கொடுப்பவனை நம் ஊர் வழக்கமும் மதிப்பதில்லை. அப்படியானால் அன்பர் செய்தது நன்மையா, பாவமா?

நம் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில் இந்தக் கேள்விக்கு விடை தந்திருக்கின்றார்கள். மறைப்பது சிறந்ததென்பது, தீங்கு செய்வதில் பேர் போகாத ஒருவர் எப்போதோ செய்து முடித்த பிழையைப் பற்றியது. பிறருக்குத் தீங்கு செய்து வருபவனை மறைத்து வைத்தால் அவன் துணிவு கூடும். அவன் விஷயத்தை அதிகாரத்தில் உள்ளவரிடம் கொண்டு செல்வதே விரும்பத்தக்கது. கண்ணெதிரே நடக்கும் தீங்கைத் தடுப்பதோ கடமை. இவ்வளவும் சொன்ன இமாமவர்கள் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: அதனால் அதைவிடப் பெரிய தீங்கு விளையும் என்ற அச்சம் இல்லாதபோது. இந்த நிபந்தனைக்குப் பிறகு வருகின்றோம். நம் தகப்பன்மார்களின் பயம் முழுவதும் அதில்தான் இருக்கின்றது.

முதலில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு மாதம் அன்பர் மறைத்தது பையனின் ஐபு மட்டும்தானா? தம் கடைக் கண்ணாடியையும் சேர்த்தல்லவா காத்துக் கொண்டார்? சமூகத்தின் பெயர் கெடக்கூடாது என்று நாமெல்லோரும் வாய் மூடியிருப்பதும் இந்த வகையே. அக்கிரமம் செய்பவனாக இருந்தாலும் சகோதரனுக்கு உதவ வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். அவனை அக்கிரமத்தினின்றும் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பதில் கிடைத்தது. உறையில் பணமிட்டுக் கொடுப்பது தடுப்பதாகுமா?

"நம்மவர்களில் இல்லை" என்பதும் பழைய பொய். பினாங்கில் லெபோ அச்சே பள்ளிவாசல் மினாராவில் ஒரு வட்டத் துவாரம் இருக்கின்றது. பீரங்கிக் குண்டு துளைத்தது என்று சொல்லிக் காட்டுவார்கள். உண்மையோ, கதையோ! ஆனால் 1867 ஆகஸ்டில் அத்தெருக்களில் பத்து நாள் கலகம் நடந்தது உண்மை. கீ ஹின், தோ பே கொங் என்ற சீன இரகசிய சங்கங்கள் மட்டும் மோதிக்கொள்ளவில்லை. கீ ஹின்னோடு வெள்ளைக் கொடியும், தோ பே கொங்கோடு சிவப்புக் கொடியும் சேர்ந்து நின்றன. அந்தக் கொடிகள் யாருடையவை? மலாய்க்காரரும் ஜாவி பெக்கான்களும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்த கூட்டங்கள். முஹர்ரம் ஊர்வலங்களைச் சுற்றி வளர்ந்தவை. நம் பள்ளிவாசல் நிழலிலேயே வளர்ந்தன என்றால் மிகையாகாது.

1869ல் பதிவுச் சட்டம் வந்தது. 1889ல் தடைச் சட்டம் வந்தது. என்றாலும் 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு சட்ட விரோதமென்று வெளியிட்ட கும்பல்கள் 49. 04, 08, 36 என்று வெறும் இலக்கங்களே அவற்றில் பலவற்றின் பெயர். அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் இந்தியர் என்றும் அப்போது அரசாங்கம் அறிவித்தது. அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளை யாரும் தனியாகக் கழித்து எழுதவில்லை.

இனி, இமாமவர்களின் நிபந்தனை. "போலீசில் சொன்னால் பிள்ளையின் வாழ்க்கையே போய்விடுமே" என்பது தகப்பன்மார்களின் வாதம். இது வீண் பயமன்று. 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முதலில் 21 நாள், பிறகு 38 நாள் என்று காவலில் வைக்கலாம். 2014ல் நடப்புக்கு வந்த திருத்தம் வழக்கு மன்றத்தில் விசாரணை இல்லாமலே இரண்டாண்டு வரை தடுத்து வைக்கவும் வழி செய்தது. சிங்கப்பூரில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதுபோல் உண்டு. பதினெட்டு வயதுப் பையன் முரடர்களோடு அடைபட்டால் முரடனாகத் திரும்பி வரவும் கூடும். ஆகவே "சொல்லிவிடு, உன் கடமை தீர்ந்தது" என்று உபதேசிக்க நம் மனம் இடம் தரவில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்பவன் பாதிக் கடமையைத்தான் செய்தவனாவான்.

மற்றப் பாதியைச் செய்து காட்டிய ஊர் ஒன்று தொலைவில் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1992 மே மாதம், சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாலிபனுக்கு மாதா கோயிலில் இறுதிச் சடங்கு நடந்தது. கும்பல் ஒன்று அந்தக் கோயிலுக்குள்ளேயே புகுந்து வேறொருவனைக் குத்தியது. அதற்குமேல் கறுப்பினப் பாதிரிமார்களால் சும்மா இருக்க முடியவில்லை. அவர்களுக்கும் போலீசாருக்கும் அதுவரை பகையென்றே சொல்லலாம். அப்படியிருந்தும் பாதிரிமார்கள் இரவில் தெருவில் இறங்கி வாலிபர்களோடு பேசத் தொடங்கினார்கள். நாளாவட்டத்தில் போலீசாரோடும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கொலைக்குத் துணிந்த சிலரைப் பிடிக்கப் பாதிரிமார் தடை சொல்வதில்லை. திருந்தக் கூடியவர்களுக்காக வழக்கு மன்றத்தில் வந்து நிற்பார்கள். போலீசார் அத்து மீறினால் ஊரறியக் கண்டிப்பார்கள். 1990ல் அந்நகரில் 152 கொலைகள் நடந்திருந்தன, 1999ல் 31. இதற்குப் பல காரணங்கள் சொல்கின்றனர். பாதிரிமார்களால் மட்டும் நடந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இரு தரப்புக்கும் நடுவே நின்ற விதத்தைக் கவனியுங்கள். போலீசாருக்கு உளவாளியாகவும் இல்லை. பிள்ளைகளுக்கு மறைவிடமாகவும் இல்லை.

நம்மிடமும் வழிகள் இல்லாமலில்லை. மலேசியாவில் பள்ளிக்கூடங்களுக்கென்றே பொறுப்பேற்ற போலீஸ் அதிகாரிகள் இருக்கின்றனர். சிங்கப்பூரில் கும்பலின் ஓரத்தில் நிற்கும் பையன்களைச் சிறைக்கு அனுப்பாமல், பெற்றோரையும் சேர்த்து ஆறு மாதம் நெறிப்படுத்தும் 'ஸ்ட்ரீட்வைஸ்' திட்டம் 1997ல் தொடங்கிற்று. இத்தகைய ஏற்பாடுகளெல்லாம் பிள்ளை ஓரத்தில் நிற்கும்போதுதான் பயன்படும். அந்த எட்டு மாதம் எப்பேர்ப்பட்ட எட்டு மாதம் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். முதல் மாதமே அன்பர் தகப்பனாரைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தால், போலீஸ் நிலையத்துக்கு இருவரும் பையனைக் கூட்டிக்கொண்டு தாமாகவே போயிருக்கலாம். பிடிபட்டுப் போவது வேறு. வாப்பாவின் பக்கத்தில் நடந்து போவது வேறு.

நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதியில் நிலைத்து நிற்கச் சொல்கின்றது. அந்த வசனத்தை நிகாஹ் மேடையிலும் ஜும்ஆ குத்பாவிலும் கேட்டிருக்கின்றோம். கடையில் உறையை நீட்டும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

அந்த அன்பர் இம்மாதம் உறை கொடுக்கவில்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பையனின் விசாரணைக்குத் தகப்பனாரோடு கூடச் செல்வதும் அவர்தான். முதல் நாள் இருவரையும் மூன்று மணி நேரம் பெஞ்சில் காக்க வைத்தார்களாம். பேச்சு அதிகமில்லை என்றார். இவ்வாறு பிள்ளைகளோடு போலீஸ் நிலையத்துக்கும் வழக்கு மன்றத்துக்கும் துணையாகச் செல்ல நம் நிர்வாகக் குழுவில் இருவர் சம்மதித்திருக்கின்றனர். பகலில் கடையை விட்டு வரக்கூடிய இன்னும் நால்வர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் காரியதரிசியைக் காணலாம்.