ஆற்றுக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும்

தெலுக் இந்தானின் சமூகநலப் பணியாளர் ஒருவர் பெர்ணம் ஆற்றைக் கடந்து சிலாங்கூரில் தொண்டாற்றச் சென்றால் அவரைத் தடுப்பார் இலர். அவரே கடல் கடந்து சபாவிலோ சரவாக்கிலோ பணியேற்க விழைந்தால், இந்நாட்டுக் குடியுரிமை உடையவராயினும் வேலை அனுமதி பெற்றாக வேண்டும். 1963இல் மலேசியா உருவானபோது அவ்விரு மாநிலங்களும் கேட்டுப் பெற்ற காப்பு அது. தீபகற்பத்தார் தம்மை ஒதுக்கிவிடுவர் என்ற அவர்தம் அச்சம் வெறும் கற்பனையன்று. தோட்டத் துண்டாடலில் வாழ்விடம் இழந்தவர்க்கு அஃது எளிதிற் புரியும்.

ஆயின், தாயை இழந்த குழந்தையின் துயருக்கு மாநில எல்லை உண்டோ? இல்லைதான். எனினும், சரவாக்கின் நீண்ட வீட்டு வாழ்வை அறியாதவர் அக்குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்? வந்தவர் எங்குப் பிறந்தார் என்பதைவிட, அதன் பாட்டியோடு இபான் மொழியில் பேச வல்லவரா என்பதையே அனுமதி வழங்குவோர் முதலிற் கேட்டல் தகும்.