கேட்கிறவரும் பதில் சொல்ல வேண்டும்

கல்லூரி மாணவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் அறிய நடத்தும் கணக்கெடுப்புகள் பலவற்றில் வினாத்தாள் இரண்டு உண்டு. ஒன்று மாணவருக்கு. சரியாகத் தூங்குகிறீர்களா, குடித்தீர்களா, எவ்வளவு குடித்தீர்கள், உடலுறவில் பாதுகாப்பு உண்டா, பசியோடு படுத்த நாள் உண்டா, செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதவற்றை அது கேட்கும். இன்னொன்று கல்லூரிக்கு. மொத்த மாணவர் எத்தனை பேர், அரசுக் கல்லூரியா தனியாரா, ஊருக்குள் இருக்கிறதா வெளியிலா, மதச் சார்புள்ள நிறுவனமா, விடுதியில் எத்தனை பேர், ஆலோசகர் எத்தனை பேர் என்று கேட்கும். அமெரிக்கக் கல்லூரி நல்வாழ்வுச் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் தேசிய மதிப்பீட்டிலும் மாணவர் சொன்ன பதில்களோடு, பங்கேற்ற கல்லூரிகளின் அளவு, வகை, அமைவிடம் போன்ற பின்னணி விவரங்களும் இடம்பெறுகின்றன. முதல் தாளை வடிவமைக்க அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் தாளோ, மதியச் சாப்பாட்டுக்கு முன் அலுவலகத்தில் யாராவது நிரப்பி அனுப்பிவிட வேண்டிய சம்பிரதாயமாகவே பார்க்கப்படுகிறது. ஆனால் பழைய தத்துவக் கேள்வி ஒன்று அந்த இரண்டாம் தாளில்தான் உட்கார்ந்திருக்கிறது: ஒருவருடைய துன்பம் அவருடையது மட்டும்தானா? கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்லாமல் மாணவரை மட்டும் சொல்லவைக்கும் கணக்கெடுப்பு, இந்தக் கேள்விக்குக் கேட்காமலே ‘ஆம்’ என்று விடை எழுதிவிடுகிறது. அது அறிவியலில் குறை. அறத்தில் அதைவிடப் பெரிய குறை.

ஹென்றி வெக்ஸ்லர் தலைமையில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 1993-இல் நடத்திய கல்லூரி மது ஆய்வை எடுத்துக்கொள்வோம். 140 கல்லூரிகள், 17,592 மாணவர்கள். ஒரே அமர்வில் ஆண் என்றால் ஐந்து கோப்பை, பெண் என்றால் நான்கு என்று ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். முந்தைய இரண்டு வாரத்தில் ஒருமுறையாவது அந்த அளவை எட்டியவர்கள் 44 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்தால் இளவட்டங்கள் கெட்டுப்போன கதை என்றுதான் தோன்றும். அதையே கல்லூரி வாரியாகப் பிரித்தால் கதை மாறிவிடுகிறது. ஒரு கல்லூரியில் 1 சதவீதம், இன்னொரு கல்லூரியில் 70. நாடு ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. இளமைத் துடிப்பு, மன உறுதியின்மை, தீய சகவாசம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் எதுவும் ஒன்றுக்கும் எழுபதுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்காது. வடகிழக்கிலும் வடமத்தியப் பகுதியிலும் இருந்த கல்லூரிகளிலும், மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் கல்லூரிகளிலும் குடி கூடுதலாக இருந்தது. பின்னாளில் வெக்ஸ்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 8 பல்கலைக்கழகங்களைச் சுற்றி மதுக்கடைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். கடை நெருக்கமும் மிதமிஞ்சிய குடியும் சேர்ந்தே ஏறின. எந்த மாணவரை எத்தனை முறை கேட்டாலும் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. தான் குடித்த கோப்பைகளை ஒருவரால் எண்ணிச் சொல்ல முடியும். தன்னைக் குடிக்கவைத்த தெருவை எண்ணிச் சொல்ல முடியாது.

இது ஏன் என்பதை விளக்கியவர் பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ். இந்த மனிதருக்கு ஏன் நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. இந்தச் சமூகத்தில் ஏன் இவ்வளவு நோய் என்பது வேறு கேள்வி என்று 1985-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வாதிட்டார். ஒரு நாட்டில் எல்லோருமே தினமும் 20 சிகரெட் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பார் அவர். அங்கே நுரையீரல் புற்றுநோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தால் அது பரம்பரை நோய் என்ற முடிவுக்குத்தான் வருவோம். எல்லோரிடமும் இருப்பது எவரிடமும் காரணமாகத் தெரியாது. ஒரே கல்லூரிக்குள் மாணவரோடு மாணவரை ஒப்பிடும் ஆய்வுக்கு நேர்வதும் இதுதான். அந்தக் கல்லூரியின் தேர்வு முறை, வருகைப்பதிவுக் கெடுபிடி, இரவு உணவு கிடைக்கும் நேரம், கட்டணம் கட்டச் சொல்லி வரும் நெருக்குதல் எல்லாம் அனைவருக்கும் பொதுவானவை. எனவே அவை ஆய்வின் கண்ணில் படுவதே இல்லை. எஞ்சி நிற்பது தனிமனித வேறுபாடு மட்டும்: இவர் பலவீனமானவர், அவர் திடமானவர். மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு சார்புகள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுகிறது. தன்னந்தனியாகத் தோன்றுவது எதுவும் இல்லை. பௌத்தம் அதைப் பிறவித் துன்பத்துக்குச் சொன்னது, விடுதிச் சாப்பாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சரி. ஆனால் துன்பத்தைப் பார்த்ததும் ‘இது யார் செய்த வினை’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இது எதைச் சார்ந்து எழுந்தது’ என்று கேட்கப் பழக்கும் ஒழுக்கம் அதில் இருக்கிறது. கல்லூரியின் பின்னணித் தாள் அந்த இரண்டாவது கேள்வியின் அலுவலக வடிவம்.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும். கல்லூரி மாணவர் வாக்குரிமை உள்ள வயதுவந்தவர். கோப்பையை எடுத்தது அவர் கை. எல்லாவற்றையும் நிறுவனத்தின் தலையில் கட்டினால் தன்வினை என்பதே இல்லாமல் போய்விடாதா? எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பல்ல இது. சூழலே எல்லாம் என்று சொல்வது மாணவரை மீண்டும் குழந்தையாக்குவது. அதிலும் ஓர் அவமதிப்பு உண்டு. ஆனால் பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்தல்ல, ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறைவதற்கு. சார்புகளின் சங்கிலியைச் சொன்ன அதே பௌத்தம், நுகர்ச்சியிலிருந்து வேட்கை பிறக்கும் இடத்தில் மனிதர் விழித்திருக்க முடியும் என்றும் சொன்னது. சங்கிலியை அறுக்கலாம் என்பதற்காகவே அது சங்கிலியைக் காட்டியது. 70 சதவீதக் கல்லூரியில் படித்தும் அந்த அளவை எட்டாத 30 சதவீதத்தினருடைய உறுதியின் மதிப்பு, அவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்று தெரிந்தால்தான் நமக்குப் புரியும். ஒரு சதவீதக் கல்லூரியில் அந்த அளவை எட்டாமல் இருந்தவரின் ஒழுக்கமும் இவர்களுடையதும் ஒன்றல்ல. சூழலைக் கணக்கில் எடுப்பது தனிமனித அறத்தை அழிக்கவில்லை. அதை எடைபோடத் தராசு தருகிறது.

இரண்டாவது மறுப்பு ரகசியம் பற்றியது. பெயர் வெளியாகாது என்ற உறுதி இருந்தால்தான் கல்லூரிகள் உண்மை சொல்லும். பின்னணி விவரங்கள் கூடக்கூட, சிறிய கல்லூரி எது என்று யாரும் ஊகித்துவிடலாம். பிறகு பெயர் கெடும் என்ற பயத்தில் அவை கணக்கெடுப்புக்கே வராது. நடைமுறையில் இது உண்மை. ஆனால் ரகசியம் யாருக்காக என்று கேட்க வேண்டும். கத்தோலிக்க மரபில் பாவசங்கீர்த்தனத்தின் ரகசியம் மண்டியிட்டவரைக் காக்கத்தான் ஏற்பட்டது. கேட்கும் குருவுக்கு அது சலுகையல்ல, கட்டு. அந்தக் குருவும் இன்னொரு குருவிடம் போய் மண்டியிட வேண்டும். பிறர் அந்தரங்கத்தைக் கேட்கும் உரிமை, தன்னைத் திறந்துகாட்டும் கடமையோடு சேர்ந்தே வருகிறது என்ற புரிதல் அதில் இருக்கிறது. மாணவருக்கு உயிரும் மானமும் உண்டு. கல்லூரிக்கு இருப்பது சேர்க்கைக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே மறைப்பைப் போர்த்துவது நியாயமல்ல. கல்லூரிகளை ஒப்பிடும் பொதுத் தரவில் பெயரை மறைக்கலாம். தன் மாணவரிடமே மறைக்கலாகாது. அமெரிக்கப் பல்கலைக்கழகச் சங்கம் 2015-இல் 27 பல்கலைக்கழகங்களில் பாலியல் அத்துமீறல் பற்றிக் கணக்கெடுத்தது. வன்முறையாலோ நிலையிழந்த வேளையிலோ அத்துமீறலுக்கு உள்ளானதாகச் சொன்ன இளநிலை மாணவியரின் விகிதம் இடத்துக்கு இடம் 13 முதல் 30 சதவீதம் வரை வேறுபட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் முடிவைப் பெயரோடு வெளியிட்டன. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

புள்ளியியல் அறிந்தவர் எழுப்பும் மூன்றாவது மறுப்பே மூன்றிலும் கூர்மையானது. கூட்டத்தின் குணத்தை வைத்துத் தனியாளைப் பற்றி முடிவுகட்டினால் ஏமாறுவோம் என்று டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் காட்டினார். 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தோரிடம்தான் அது சற்று அதிகம். குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அதிகமாகக் குடியமர்ந்ததே காரணம். இதே தந்திரம் கல்லூரியிலும் நடக்கலாம். குடிக்க விரும்புகிறவர் கொண்டாட்டக் கல்லூரியைத் தேடிச் சேர்ந்தால், குடிக்குக் காரணம் கல்லூரி என்பது பாதி உண்மைதான். ஆனால் இந்த மறுப்பு எதைக் கேட்கிறது? இரு மட்டங்களையும் தனித்தனியே அளந்து, ஒன்றை மற்றொன்றாகக் குழப்பாதே என்கிறது. அளக்காமல் விடு என்று சொல்லவில்லை. ராபின்சன் அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததே மாநிலக் கணக்கு, ஆள் கணக்கு இரண்டும் கையில் இருந்ததால்தான். தவிர, பதில் சொல்லாத மாணவர்களின் பக்கம் திரும்பவும் பின்னணித் தரவே வழி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் தொடங்கிய ‘ஹெல்தி மைண்ட்ஸ்’ மனநல ஆய்வு, கல்லூரியிடமிருந்து மொத்த மாணவர் விவரத்தை வாங்கி, பதில் தந்தவரோடு ஒப்பிட்டு, பதில் குறைந்த பிரிவினருக்குக் கூடுதல் எடை தருகிறது. வகுப்புக்கே வராமல் அறையில் முடங்கிக் கிடப்பவர் கேள்வித்தாளைத் தொட மாட்டார். கல்லூரிப் பதிவேடு இல்லாவிட்டால் அவர் இருப்பதே ஆய்வுக்குத் தெரியாது.

கல்லூரி பொய் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பவருக்கு, பொய் பெரும்பாலும் கேள்வியின் வடிவத்திலேயே தொடங்குகிறது என்பதுதான் பதில். ஒரே ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம்: ‘மாணவர் ஆலோசகர் உள்ளாரா? ஆம் / இல்லை.’ இந்த ‘ஆம்’ பயிற்சி பெற்ற முழுநேர உளவியலாளராக இருக்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் வந்துபோகும் கௌரவ ஆலோசகராக இருக்கலாம். ஏற்கெனவே தேர்வுப் பிரிவையும் நாட்டுநலப் பணித் திட்டத்தையும் சுமக்கும் உதவிப் பேராசிரியரின் பெயருக்குப் பின்னால் சேர்த்த கூடுதல் பொறுப்பாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே கட்டத்தில் ஒரே டிக். 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஒரு முழுநேர ஆலோசகர் என்பது ஆலோசனை மையங்களுக்கான பன்னாட்டுத் தர அளவு. அதை வைத்துக் கேட்டால் கேள்வி மாறும்: வாரத்தில் எத்தனை மணி நேரம், என்ன படிப்பு, முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், அறைக் கதவு முதல்வர் அலுவலகத்தின் எதிரிலா? இப்படிக் கேட்டால் பொய் சொல்வது கடினம். சொன்னாலும் மாணவரின் பதில்களோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். ஒரு தாளுக்கு மற்றொன்று சாட்சி.

இந்தியாவுக்கு இது தூரத்து விவகாரமல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி பள்ளி, கல்லூரி சேர்த்துத் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அந்த அறிக்கை தற்கொலைகளுக்கான காரணங்களாகப் பட்டியலிடுவது குடும்பப் பிரச்சினை, நோய், தேர்வுத் தோல்வி, காதல் விவகாரம் போன்றவற்றை. பெரும்பாலானவை இறந்தவரின் வீட்டுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இருப்பவை. உதவித்தொகை எந்த மாதம் வந்தது, விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர், பாகுபாடு பற்றிப் புகார் தந்தால் யார் விசாரிப்பார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. இன்னொரு பக்கம், உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பு 2010-11 முதல் கட்டடம், ஆசிரியர், விடுதி என்று நிறுவன விவரங்களைத் திரட்டுகிறது. மாணவரின் தூக்கமும் துயரமும் அதன் வேலையல்ல. இரண்டு பதிவேடுகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் வளர்கின்றன. அவற்றை முகம் பார்க்கவைப்பது போல, மாணவர் மனநலம் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் அமைத்த தேசியப் பணிக்குழு, மாணவரோடு சேர்த்து நிறுவனங்களையும் கேள்வி கேட்டது. மிகப் பெரும்பாலான நிறுவனங்கள் பதில் அனுப்பாததை நீதிமன்றமே அதிருப்தியோடு சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் ‘நாக்’ மதிப்பீடு என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கோப்புகளைத் தயார் செய்யத் தெரிந்த அலுவலகங்கள்தான் இவை. திறமை இல்லாமல் அல்ல, தன்னைப் பற்றி யாரும் கேட்கலாகாது என்ற பழக்கத்தால் வந்த மௌனம் இது. மாணவர் பதில் சொல்லாமல் விட்டால் கல்லூரிப் பதிவேட்டைக் கொண்டு ஓரளவு ஈடுகட்டலாம். கல்லூரி பதில் சொல்லாமல் விட்டால் அதை ஈடுகட்ட எந்தப் பதிவேடும் இல்லை. அதன் பங்கும் சேர்ந்து மாணவரின் பெயருக்கு எதிரே, அவருடைய பலவீனமாகப் பதிவாகிவிடுகிறது.