உப்புப் போட்ட தண்ணீர்

பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அறிவும் நல்ல மனமும் போதுமா? பகேரியாவில் ஓர் உணவகத்தின் குசினியில் நிற்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பானைத் தண்ணீரில் வந்து சேர்ந்தது. (குசினி என்ற சொல்லை மட்டும் இங்கே புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போனதற்கும் இத்தாலியரின் 'கூச்சினா'வுக்கும் அதிக தூரமில்லை.)

நாங்கள் யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தை 2008 இல் இடைநடுவே விட்டு வந்தவர்கள். பௌதிகவியல் ஆசிரியராவதே அன்றைய எண்ணம். உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் இங்குள்ள நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஒரு பையன் கேட்டான்: "மாமா, உப்புப் போட்டால் தண்ணி கெதியாக் கொதிக்குமா?" லீற்றருக்குப் பத்துக் கிராம் உப்பு, போட்டவுடன் பொங்கி நுரைக்கும். நாங்கள் தினமும் பார்ப்பது. "ஓம்" என்றோம். உப்புக் கரையும்போது வெப்பம் வெளிவரும் என்று காரணமும் சொன்னோம். அதை அவன் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுகிழமை, "நீங்கள் சொன்னது பிழையாம்" என்றான். கோபமில்லை, எங்களுக்காக வெட்கப்பட்டவன் போலத் தலை குனிந்திருந்தான்.

பிழைதான். உப்புக் கொதிநிலையை உயர்த்தும். அந்த அளவுக்கு ஏறத்தாழ 0.17 பாகை. கறியுப்புக் கரையும்போது சிறிது வெப்பத்தை உறிஞ்சுமே தவிர வெளிவிடாது. நுரைப்பது, உப்புத் துணிக்கைகளைப் பற்றிக்கொண்டு குமிழிகள் உருவாவதால். எல்லாம் நாங்கள் படித்தவைதான்.

இந்த நாட்டில் பௌதிகம் படிப்பிக்க ஐந்து வருடப் படிப்பு வேண்டும். 2023 இல் வந்த விதிகளின்படி அதற்குமேல் 60 கிரெடிட் ஆசிரியர் பயிற்சி, அதில் குறைந்தது 20 பாடசாலைப் பயிற்சிக்கு. பிறகு போட்டிப் பரீட்சை. இதைக் கதவடைப்பு என்றே பேசி வந்தோம். பேசச் சுகமாகவும் இருந்தது. பலெர்மோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமிலியோ செக்ரே, யூதர் என்பதால் 1938 இல் பதவியிழந்த கதையையும் துணைக்கு இழுப்போம். முந்திய வருடந்தான் அவரும் கார்லோ பெரியேயும் 43 ஆவது மூலகத்தைக் கண்டறிந்திருந்தார்கள். ஆனால் அவரைத் தள்ளியது பிறப்பு. எங்களை நிறுத்துவது முடியாத படிப்பு. யுத்தந்தான் முடிக்கவிடவில்லை. இருந்தாலும் யுத்தமா அந்த 'ஓம்' என்ற சொல்லைச் சொன்னது?

ஊரில் ரியூசன் கொட்டில்களில் எங்களுக்குப் படிப்பித்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் வேகமாக எழுதினார்கள், நாங்கள் வேகமாகக் கொப்பியில் இறக்கினோம். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று எவரும் கேட்ட ஞாபகமில்லை. அந்தச் சனத்துக்குள் எப்படிக் கேட்பது! அப்படிக் கேட்கப் பழகுவதுதான் பயிற்சி என்று இப்போது படுகிறது. பின்வாங்கிலிருந்து அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தால் நாங்கள் அவ்வளவு கெதியாக வாயைத் திறந்திருக்கமாட்டோம்.

எங்களில் ஒருவர் வகுப்பை நிறுத்தவேண்டும் என்றார். நாங்கள் இல்லாவிட்டால் இவர்களுக்கு யார் என்பது மற்றவர்களின் வாதம். வசதியான வாதம், இதைச் சொல்லித்தான் ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ செய்தார்கள். முடிவு எடுபடவில்லை.

அடுத்த திங்கள் இரண்டு பானைகளும் ஒரு வெப்பமானியும் கொண்டுபோனோம். குசினி வெப்பமானிக்கு 0.17 பாகை பிடிபடவில்லை. அதை அப்படியே சொன்னோம்.

"அப்ப எவ்வளவு போட்டால் காட்டும்?" என்றான் பையன்.

உப்புப் பைக்கற்றை அவனிடமே கொடுத்தோம்.