தாளின் பின்பக்கம்

கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் டேவிட் பெயின்டர் 1928இல் தீட்டிய சுவரோவியம் ஒன்று இருக்கிறது. செபெதேயுவின் மனைவி, தன் மக்கள் இருவருக்கும் இயேசுவின் வலத்திலும் இடத்திலும் இடம் கேட்டு நிற்கும் காட்சி அது. பெயின்டர் அதே கல்லூரியின் பழைய மாணவர். ஆங்கிலேய மிஷனரித் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். லண்டன் றோயல் அக்கடமியில் பயின்று இலங்கை திரும்பியவர். அவர் தாடியில்லாத கிறிஸ்துவை வரைந்ததைப் பற்றித்தான் ஊரில் பேச்சு அதிகம். எனக்கு அந்தத் தாய்தான் முக்கியம். பிள்ளைகள் என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. எந்த ஆசனம் என்றுதான் கேட்கிறாள்.

ஓவியம் படிக்கப்போன பிள்ளையின் வளர்ச்சியைப் பதிந்துவைக்கும் வீடுகளில் பெரும்பாலும் அந்தத் தாயின் கேள்விதான் இருக்கிறது. அல்பத்தைத் திறந்தால் மேடை, மாலை, சான்றிதழ், கறுப்பு அங்கி. நான்கு வருடம் அந்தக் கை என்ன செய்தது என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது.

மலையகத்தில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. எங்கள் வீடுகளின் தகரப்பெட்டிகளில் இருந்த காகிதமெல்லாம் யாரோ ஓர் அதிகாரிக்குக் காட்டச் சேர்த்த காகிதம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பிறப்புப் பத்திரம் ஒன்று தொலைந்தால் வாழ்க்கையே தொலைந்துபோன காலம் அது. அப்படிப்பட்ட வீட்டில், எந்தக் கந்தோரிலும் செல்லாத ஒரு தாளைப் பாதுகாத்துவைப்பது லேசான மாற்றமில்லை.

என் அக்கா கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறார். மகள் சித்திரம் படிக்க யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினாள். முதல் வருட விடுமுறையில் அவள் கொண்டுவந்து போட்ட தாள்களில் பாதி, அடுப்படி அலுமினியக் கேத்தல். ஒன்றில் மூக்கு உடம்போடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. இன்னொன்றில் மூடி சரிந்திருக்கிறது. வேறொன்றில் நிழலை அழித்து அழித்தே தாள் கிழிந்துவிட்டது. அக்கா எதையும் வீசவில்லை. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மெல்லிய பென்சிலால் எழுதினார்: திகதி, அந்தக் கட்டுத் தாளின் விலை, அந்த மாதம் யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்பது. பேனை வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும் என்று மகள் சொல்லியிருந்தாளாம். பாராட்டு என்று ஒரு சொல் அங்கே இல்லை. நான் பார்த்த பதிவுகளில் நேர்மையானது அதுதான்.

வைத்திருப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கண்டிச் சீமையின் ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தாள் பூஞ்சணம் பிடிக்கும். பத்திரிகைத் தாளுக்கு இடையில் வைத்தால் அதன் மஞ்சள் படத்துக்கு ஏறும். லெமினேட் செய்வது, அன்பினால் செய்கிற கொலை. கரிப்படங்களுக்கு நடுவே அமிலமில்லாத வழுவழுப்பான மெல்லிய தாள் வைத்து, தட்டையாக, சுவரில் படாமல், காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும்.

இப்படிப் பதிந்துவைப்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த நாட்களில், கண்டிக் கிராமங்களின் கைவினைஞர்களைத் தேடிப்போனார். அவர்களைப் படம் பிடித்தவர் அவர் மனைவி எத்தல். 1908இல், ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொரிசின் பழைய அச்சியந்திரத்தில் 425 பிரதிகளாக வந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலில் அந்தப் படங்கள் இருக்கின்றன. அந்தக் கைவினைக் குடும்பங்களில் மகன் தகப்பன் பக்கத்தில் இருந்தே வளைவும் கோடும் பழகினான். அங்கே கோப்பு தேவைப்படவில்லை; அடுத்த தலைமுறையின் கையே கோப்பு. தூரிகையைத் தொட்டறியாத எங்களைப் போன்ற வீடுகளில்தான், கலை தெரியாதவர் கலைஞரைப் பற்றிக் குறித்துவைக்க நேர்கிறது. அதனால் அது தாழ்ந்த வேலையாகிவிடாது. எத்தல் பின்னாளில் தானே நெசவாளரானார்; தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் ஒரு நூலே எழுதினார். குமாரசுவாமியைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு எத்தல் மைரே என்ற பெயர் தெரியும் என்பது வேறு கதை. அக்காவும் இப்போது ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "இது அவசரத்துல போட்டது" என்கிறார். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

இனி உரிமையின் பேச்சு. மேல்சட்டை இல்லாமல் வாசலில் குந்தியிருந்த தாத்தாவை அவள் வரைந்திருந்தாள். உறவுக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டார். கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் கைதட்டல் வந்து குவிந்தது. அவள் அவரிடம் தொலைபேசியில், "அது இன்னும் முடியல சித்தப்பா. தாத்தாகிட்டயும் யாரும் கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் படத்தை அதற்குப் பிறகு அவள் தொடவேயில்லை. கற்பவருக்கு மறைவாகத் தவறுசெய்ய ஓர் இடம் வேண்டும். வீடே அதை எடுத்துக்கொண்டால் அவள் எங்கே போவாள்? வரைந்தவளின் சம்மதமும் வரையப்பட்டவரின் சம்மதமும் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்பதை, வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காத மரியாதையோடு பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்காம் வருடம் முடிந்ததும் பெட்டி அவளுக்கே என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். வந்தாள், திண்ணையில் எல்லாவற்றையும் பரப்பினாள், கேத்தல்களில் பெரும்பகுதியைக் கிழிப்பதற்கென்று ஒதுக்கினாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அக்கா தடுக்கவில்லை.

"கிழிச்சுக்கோ. அதுக்கு முந்தி பின்பக்கத்த போன்ல படம் எடுத்துரு. கைமாத்துக் கணக்கு அதுலதான் இருக்கு, இன்னும் ரெண்டு பேருக்குக் குடுக்கணும்."